புழுவும் பிழைக்காத குழி

எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தின் கீழ்த்தள அறை வாசலில் இப்போது ஒரு மஞ்சள் பெட்டி மாட்டியிருக்கிறார்கள். உள்ளங்கை அளவுதான். அறைக்குள் விஷவாயு கூடினால் அது கத்தும். நான் ஓய்வு பெற்ற வருடத்தில்தான் அது வந்து சேர்ந்தது. ஆராய்ச்சி மாணவி நிவேதா அதை ஆணியில் மாட்டிவிட்டு, "இதுக்கு முன்னாடி எப்படிண்ணே தெரிஞ்சுக்குவீங்க, உள்ள வாயு கூடிருச்சுன்னு?" என்று கேட்டாள்.

"பேசிக்கிட்டே இருப்பேன்" என்றேன்.

"யார்கிட்ட?"

"வாசல்ல உக்காந்திருக்க ஆள்கிட்ட. பேச்சு நின்னா வாயு கூடிருச்சுன்னு அர்த்தம்."

நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். பக்கத்தில் நின்ற அழகர், என்னோடு அங்கே வேலை பார்ப்பவன், சிரிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்த பிறகு அவளும் நிறுத்திக்கொண்டாள். துறை மலருக்கு இதை எழுதிக் கொடுங்கள் என்று அன்றிலிருந்து விடாமல் கேட்கிறாள். நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். பிழைகளை அவள் திருத்திக்கொள்வதாகச் சொன்னதால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் விளாங்குடிக்கு மேற்கே. வயல்காரக் குடும்பம். நான் வயலில் நிற்க வேண்டும் என்பது அப்பாவின் விருப்பம், வகுப்பில் உட்கார வேண்டும் என்பது வாத்தியாரின் விருப்பம். எனக்கு இரண்டு இடத்திலும் கால் தரிக்கவில்லை. திண்டுக்கல் ரோட்டில் டீ குடிக்க நிறுத்தியிருந்த லாரியில் கிளீனராக ஏறிப் போனேன். பிறகு கேரளாவில் பரோட்டா அடித்தேன். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் பாதம் வெடிக்க வேலை பார்த்தேன். கடைசியில் தொண்டிப் பக்கம் ஓர் ஐஸ் கம்பெனியில் கட்டி உடைத்தேன். எந்த ஊரிலும் இரண்டாவது மழைக்காலத்தைப் பார்த்ததில்லை. பட்டினி கிடந்த நாட்கள் உண்டு. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பசித்தது, அவ்வளவுதான்.

அந்த ஐஸ் கம்பெனிக்குப் பின்னால், கடல் வற்றியிருந்த ஒரு காலை நேரம், ஓர் அம்மா முழங்கால் வரை சேற்றில் மாட்டிக்கொண்டு நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் குழாய். கரையில் நின்ற மாணவர்கள் ஆளுக்கொரு யோசனையைக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் இறங்கவில்லை. நான் போனேன். நாற்று நடும் வயலில் வளர்ந்தவனுக்குச் சேறு புதிதல்ல. நின்றால்தான் உள்ளே இழுக்கும், நகர்ந்துகொண்டே இருந்தால் விட்டுவிடும். கையை நீட்டினேன். அவர் கையைத் தரவில்லை, குழாயைத் தந்தார்.

"முதல்ல இதப் பிடிங்க. சாய்ச்சுறாதீங்க, நேரா வைங்க. என்னைய அப்புறம் பாத்துக்கலாம்."

அவர்தான் ஜெபமணி மேடம். மதுரையில் ஒத்தக்கடைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர். கடல் அடிச் சேற்றில் வாழும் சின்னஞ்சிறு உயிர்கள் எப்படிச் சாகாமல் இருக்கின்றன என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அன்றே அவருடன் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவதாக இருந்தேன். தலை நரைத்து, ஓய்வும் பெற்று, இப்போது அதே ஒத்தக்கடையில்தான் குடியிருக்கிறேன்.

சேற்றில் எப்படி விஷம் வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கரையோரக் கடலில் புல் வளர்ந்திருக்கும். செத்த புல் சேற்றுக்குள் புதைந்து, காற்று இல்லாமல் அழுகும். அப்போது சல்பைடு என்ற நஞ்சு உண்டாகிறது. அழுகிய முட்டையின் வாடை அதனுடையதுதான். குழாயைச் சேற்றில் அழுத்தி, மேல் வாயை அடைத்துத் தூக்கினால் உள்ளே அடுக்கு தெரியும். மேலே விரல் கனத்துக்குப் பழுப்பு, அதன் கீழே சாம்பல் நிறம், அதற்கும் கீழே மை போல் கறுப்பு. பழுப்பில் காற்று உண்டு, கறுப்பில் நஞ்சு உண்டு. நாங்கள் தேடும் உயிர்கள் இரண்டுக்கும் நடுவில் இருக்கும். அதனால்தான் குழாயைச் சாய்க்கக் கூடாது. சாய்த்தால் அடுக்கு கலங்கும், எது எங்கே வாழ்ந்தது என்பது தெரியாமல் போய்விடும்.

ஒருமுறை வேன் பழுதாகிவிட்டது. சேற்றுக் குழாய்களை வாளியில் நிறுத்தி, ராமநாதபுரத்திலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தேன். பாதி வழி வரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் மேல் ஒருவர் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஒரு பெரியம்மா எழுந்து நின்று, "யாத்தே, எந்தச் சிறுக்கி மகன்டா இது, ஊருல முட்டையப் பூராம் அழுக விட்டு ஏத்தியாந்தது?" என்று கேட்டது. கண்டக்டர் மோப்பம் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"என்னய்யா இது?"

"கடல் சேறுண்ணே. காலேஜுக்கு."

"கடலே இல்லாத ஊருக்குக் கடல் சேறா? இறங்குய்யா முதல்ல."

வண்டியூர் தெப்பக்குளத்தில் வாளியோடு இறக்கிவிட்டார்கள். ஓர் ஆட்டோக்காரரும் ஏற்றவில்லை. ஒரு கையில் வாளியை நேராகப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து கல்லூரி வரை நடந்தேன். மேடம் என்னைப் பார்க்கும் முன் குழாய்களைப் பார்த்தார். "ஒண்ணுகூடக் கலங்கல" என்றார். அவரிடமிருந்து வரக்கூடிய பாராட்டு அவ்வளவுதான். யாரையும் ஒருமையில் பேசமாட்டார், யாரிடமும் குரலை உயர்த்தமாட்டார். கோபம் வந்தால் பேச்சு இன்னும் குறைந்துவிடும்.

அந்த உயிர்களைப் பற்றி நான் கற்றதெல்லாம் அவர் போகிற போக்கில் சொன்னதுதான். சல்பைடு உடம்புக்குள் போனால், மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும்போதே அந்த மூச்சு பயன்படாமல் போய்விடும். அடுப்பில் விறகு இருக்கும், தீ பிடிக்காது. அந்தச் சேற்றுக்குள் குடியிருப்பவை ஒவ்வொன்றும் இதற்கு ஒவ்வொரு வழி வைத்திருக்கிறது. ஒரு வகைச் சிப்பி, நஞ்சு கூடும்போது தன் ஓடுகளை இறுக்கி மூடிக்கொண்டு, சேர்த்து வைத்த தீனியில் காலத்தை ஓட்டும். சிவப்புப் புழு ஒன்று தன் வளைக்குள் ஓயாமல் உடம்பை அலைபோல் அசைத்து மேல் தண்ணீரை உள்ளே இழுத்துவிட்டுக்கொண்டே இருக்கும். ஜன்னலைத் திறந்துவைத்துப் பிழைக்கிற குடும்பம் அது.

மேடத்துக்குப் பிடித்தது மூன்றாவது ஒன்று. நகத்தளவு வெள்ளைச் சிப்பி. அதன் செவுளுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அந்தக் குடித்தனக்காரர்களுக்கு நஞ்சுதான் சாப்பாடு. அதைத் தின்றுவிட்டு, வாடகைக்குப் பதிலாகச் சிப்பிக்குச் சோறு போடுகின்றன. முதல் தடவை கொண்டுவந்தபோது நாங்கள் பாசத்தோடு நல்ல கடல் தண்ணீரில் விட்டு, காற்றுக்குழாயும் வைத்துப் பார்த்தோம். மற்றவை தெளிச்சியாக இருந்தன. இந்த வெள்ளைச் சிப்பிகள் நாளாக நாளாக இளைத்தன, செவுள் வெளுத்துச் சுருங்கியது. நாங்கள் நஞ்சை எடுத்ததும் குடித்தனக்காரர்களுக்குச் சாப்பாடு இல்லாமல் போயிருந்தது. அதன்பிறகு கீழே கறுப்புச் சேறு, மேலே காற்றுள்ள தண்ணீர் என்று தொட்டியை மாற்றி அமைத்தோம். நிமிர்ந்துகொண்டன.

"மேடம், இதுக்கு ரொம்பத் தைரியம்" என்று ஒருநாள் சொன்னேன்.

"தைரியம் இல்ல பாண்டி. ஏற்பாடு" என்றார். "மேல இருந்து காத்து, கீழ இருந்து சல்பைடு. ரெண்டுல ஒண்ணு நின்னாலும் போச்சு."

அந்தத் தொட்டிகள் வெயில் படாமல் இருக்க வேண்டும் என்பதால் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வைத்திருந்தோம். படி இறங்கிப் போகும் அறை. இந்த வாயு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில்தான் தேங்கும். வேறு இடம் கல்லூரி தரவில்லை. அதனால் மேடம் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். சேறு மாற்றும் நாட்களில் உள்ளே ஒருவர்தான் போக வேண்டும். இடுப்பில் கயிறு. கயிற்றின் மறுமுனை, படிக்கு மேலே, காற்றோட்டமான வாசலில் உட்கார்ந்திருப்பவர் கையில். உள்ளே இருப்பவர் வெளியே வரும்வரை வாய் ஓயாமல் பேச வேண்டும். எதை வேண்டுமானாலும் பேசலாம், நிறுத்தக் கூடாது.

"வாடை அடிச்சா கவனமா இருங்க. அடிச்ச வாடை சட்டுனு நின்னுச்சுன்னா ஓடி வந்துருங்க" என்றார். வாயு குறைவாக இருக்கும்போது மூக்கு கூப்பாடு போடும். அதிகமானால் முதலில் சாவது மூக்குதான். வாடை போய்விட்டது, பரவாயில்லை என்று மனிதன் நினைப்பான். அடுத்து அவன் விழுவான்.

வாசலில் இருப்பவருக்கும் ஒரு விதி உண்டு. பேச்சு நின்றால் உள்ளே ஓடக் கூடாது, கயிற்றை இழுக்க வேண்டும். மேடம் மாணவியாக இருந்தபோது ஒரு விசைப்படகில், மீன் அழுகிக் கிடந்த அறைக்குள் ஒருவர் இறங்கி விழுந்தாராம். அவரைத் தூக்க அவருடைய அண்ணன் குதித்தாராம். இரண்டு பேரையும் சேர்த்துத்தான் கரைக்குக் கொண்டுவந்தார்கள். இதை என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார்.

கயிறு வெறும் சடங்காகிவிடக் கூடாது என்று ஒத்திகையும் உண்டு. என்னைச் செத்தவன் போல் தரையில் கிடக்கச் சொல்லிவிட்டு, மேடம் படி வழியாக இழுத்துப் பார்ப்பார். சட்டை கிழியும், முழங்கை சிராய்க்கும். "செத்தவன் 'ஐயோ'ங்கக் கூடாது பாண்டி" என்பார்.

வருடக்கணக்காக அந்த வாசலில் கயிற்றைப் பிடித்து உட்கார்ந்திருந்தவர் மேடம்தான். பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் திருத்த வேண்டிய விடைத்தாள்கள், மணிக்கட்டில் சுற்றிய கயிறு. உள்ளே நான் சேற்றை மாற்றிக்கொண்டே பேசுவேன். எத்தனை நாள்தான் பேசுவது? லாரி, பரோட்டா, உப்பளம் என்று என் கதை முழுவதும் அந்தப் படிகளில் ஏறிப் போயிற்று. அவர் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பேன். திடீரென்று மேலிருந்து குரல் வரும்: "அந்த லாரி டிரைவர் தங்கச்சி கல்யாணத்துக்குப் போய்ச் சேந்தாரா, இல்லையா?"

இப்போது அந்தக் குழிக்கு வருகிறேன்.

ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் ஒரு குழி இருந்தது. தொட்டி கழுவிய தண்ணீர் போவதற்காகக் கட்டியது. மேலே கான்கிரீட் மூடாக்கு, அதன் நடுவில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு வட்ட வாய், அதற்கு ஓர் இரும்பு மூடி. வேலை முடிந்த சேறு, கடல் புல், அவற்றோடு மிஞ்சிய சிப்பி, புழு எல்லாவற்றையும் நாங்கள் அதில்தான் கொட்டினோம். எங்கள் அறையில் அவ்வளவு கவனமாக இருந்த நாங்கள், எங்கள் கையாலேயே வெளியில் ஒரு பெரிய கறுப்புச் சேற்றை வளர்த்துக்கொண்டிருந்தோம். ஒருவருக்கும் அது தோன்றவில்லை. மேடத்துக்கும்தான்.

ஒரு கோடையில் குழி நிறைந்து பொங்கியது. மறுநாள் கல்லூரியைப் பார்வையிட ஒரு குழு வருவதாக இருந்தது. மேடம் கடற்கரைக்குப் போயிருந்தார். கட்டடங்களின் மேற்பார்வையாளர் சுந்தரம் சார் கழிவுநீர் லாரியை வரவழைத்தார். லாரி தண்ணீரை இழுத்தது, அடியில் போனதும் குழாய் அடைத்துக்கொண்டது. லாரிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், அடியில புல்லும் சிப்பியும் பாய் முடைஞ்ச மாதிரி கெடக்கு. ஆளு இறங்கி மம்பட்டியால கெளறிவிட்டாத்தான் மிஷினு இழுக்கும்" என்றார்.

யார் இறங்குவது என்று யாரும் கேட்கவில்லை. இந்த மாதிரி வேலைக்கு எந்தத் தெருவிலிருந்து ஆள் வரும் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆளை இறக்கக் கூடாது என்று சட்டம் இருப்பதும் தெரியும். கல்லூரியில் ஒப்பந்தத் துப்புரவு வேலை பார்த்த அழகரைக் கூப்பிட்டார்கள்.

நான் கேண்டீனிலிருந்து வந்தபோது அழகர் சட்டையைக் கழற்றி வேப்பங்கிளையில் போட்டிருந்தான். இடுப்பில் கயிறு.

"என்ன அழகரு, குளிக்கப் போறியா?"

"குளிக்கத் தோதான எடந்தாண்ணே. சார் இறங்கச் சொல்லிட்டாரு. ரெண்டு நிமிச வேலை."

"வாடை எப்படி இருக்கு?"

"மூடியத் தெறந்தப்ப கொடலப் பொரட்டுச்சு. எட்டிப் பாத்துக்கிட்டே இருந்தேனா, இப்ப ஒண்ணுமே தெரியல. பழகிருச்சு."

மூச்சைப் பிடித்துக்கொண்டு போய், மூடியை இழுத்துக் குழியின் வாயில் போட்டேன். அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். உட்கார்ந்தபடியே மேடத்துக்குப் போன் போட்டேன்.

"எங்க இருக்கீங்க பாண்டி?"

"குழி மூடி மேல மேடம்" என்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன்.

"கிளம்பிட்டேன். போனைக் கட் பண்ணாதீங்க. சட்டைப் பையில வைங்க. பேசிக்கிட்டே இருங்க" என்றார்.

சுந்தரம் சார் வந்தார். "என்ன பாண்டி, உண்ணாவிரதமா?"

"இல்ல சார், இப்பத்தான் வடை தின்னேன். கால் வலிக்குது, உக்காந்திருக்கேன்."

"நாளைக்குக் கமிட்டி வருதுய்யா. வெளையாடாத. கயிறு கட்டித்தான எறக்குறோம்? மயங்குனாத் தூக்கிருவோம்."

"இந்த வாய்க்குள்ள நுழையவே அழகரு ரெண்டு கையையும் மேல தூக்கணும் சார். மயங்குனவன் கை தொங்கிரும். தொங்குன கையோட தோளு எப்படி சார் வெளிய வரும்? எங்க மேடம் என்னையப் பொணம் மாதிரிக் கெடத்தி இழுத்துப் பாத்திருக்காங்க. அகலமான படியிலயே எம்புட்டுச் சிரமம் தெரியுமா?"

அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க வளக்கிற புழுவே அந்தச் சேத்துலதான வாழுது? குழம்பும் ரசமுமாத் தின்னு வளந்தவன் ரெண்டு நிமிசம் இறங்க மாட்டானா? ஏன்டா அழகரு, நீ என்ன புழுவ விட மட்டமா?"

லாரிக்காரர் சிரித்தார். அழகரும் சிரித்தான். உண்மையிலேயே அந்தச் சேற்றில்தானே புழு வாழ்கிறது? எழுந்திருக்கக் கூடாது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

அவர் போன பிறகு அழகர் வந்து என் முன்னால் குந்தி உட்கார்ந்தான். இப்போது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"எந்திரிங்கண்ணே."

"மாட்டேன்."

"மாசக் கடைசியில காண்ட்ராக்டுப் புதுப்பிக்கிறாக. இன்னைக்கு இறங்கலன்னா என் பேரு இருக்காது. ரெண்டு பொம்பளப் பிள்ளைக படிக்குதுக. நீங்க மேடத்து ஆளு, உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாக. எனக்கு யாரு இருக்கா?"

"இறங்குனா நீயே இருக்க மாட்ட."

"போன வருசம் மேலூர்ப் பக்கம் ஒரு தொட்டியில இறங்கினேன். செத்தா போயிட்டேன்?"

"அது வேற தொட்டி."

அவன் என் கையைப் பிடித்து இழுத்தான். நான் கனமான ஆள் அல்ல, ஆனால் செத்தவன் போல் கிடக்கப் பழகியவன். உடம்பைத் தளரவிட்டேன். அவனால் நகர்த்த முடியவில்லை. கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினான். வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டு அங்கிருந்தும் திட்டினான். உச்சி வெயில், இரும்பு மூடி தோசைக்கல் ஆகியிருந்தது. நான் ஒரு பக்கமும் மறுபக்கமுமாக மாறி மாறி உட்கார்வதைப் பார்த்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை உருவி என் மேல் எறிந்தான்.

"பிடிவாதம் பிடிக்கிறவன் இதப் போட்டு உக்காந்து பிடி. வெந்துரப் போகுது."

துண்டைப் போட்டு உட்கார்ந்தேன். மேடம் சொன்னபடி பேசிக்கொண்டே இருந்தேன். லாரிக் கதை, உப்பளக் கதை எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து. நான் வெயிலில் பிதற்றுவதாக லாரிக்காரர் நினைத்திருப்பார்.

மேடம் வந்து இறங்கும்போது காலில் கடல் சேறு கழுவாமல் காய்ந்து ஒட்டியிருந்தது. சுந்தரம் சார் விரைந்து வந்து, "மேடம், உங்க ஆளு என்ன பண்றாருன்னு..." என்று தொடங்கினார்.

"கேட்டேன் சார். எல்லாத்தையும் கேட்டேன்" என்றார். என் சட்டைப் பையைக் காட்டினார்.

என்னை எழுந்திருக்கச் சொன்னார், எல்லோரையும் காற்று வரும் பக்கமாகத் தள்ளி நிற்கச் சொன்னார். சல்பைடு பட்டால் கறுக்கும் தாள் ஒன்று எங்களிடம் உண்டு. அதை நூலில் கட்டி, நீளக் கம்பு நுனியிலிருந்து குழிக்குள் இறக்கினார். மேலே வந்தபோது தாள் லேசான பழுப்பாக இருந்தது.

"அம்புட்டுத்தான?" என்றார் சுந்தரம் சார்.

மேடம் பதில் சொல்லும் முன் அழகர் பேசினான். "கெளறாமப் பாத்தா அப்படித்தான் இருக்கும் சார். கெளறத்தான என்னைய எறக்குறீக?"

அவன் நீள மூங்கில் ஒன்றை எடுத்துவந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, குழியின் அடியைக் குத்திப் புரட்டினான். சோறு கொதிப்பது போல் குமிழிகள் வரும் சத்தம் எங்களுக்கே கேட்டது. எல்லோரும் இன்னும் பின்னால் போனோம். மேடம் புதிய தாளை இறக்கி, உடனே தூக்கினார். அட்டைக் கறுப்பு. ஒரு வெள்ளைப் புள்ளிகூட மிச்சமில்லை.

அழகர் அந்தத் தாளைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இடுப்புக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். முடிச்சு அவன் கைக்கு அகப்படவே இல்லை. நான் போய் அவிழ்த்துவிட்டேன்.

பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்து ஜேசிபி வந்து மூடாக்கை உடைத்து எடுத்தது. குழியை ஒரு நாள் முழுக்க வானம் பார்க்க விட்டோம். பிறகு எட்ட நின்று தண்ணீரைப் பீய்ச்சி, லாரி இழுத்தது போக மிச்சத்தை ஜேசிபி அள்ளிப்போட்டது. மனிதக் கால் உள்ளே படவில்லை. இதற்கு நடுவில் கமிட்டி வந்தது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, அப்படியே திரும்பிப் போனது.

அள்ளிப்போட்ட குவியல் முன்னால் மேடம் ஒரு குச்சியோடு குந்தி உட்கார்ந்தார். ஒவ்வொரு பிடியாகப் புரட்டிப் பார்த்தார். வெள்ளைச் சிப்பிகள் எண்ணற்றுக் கிடந்தன, எல்லாம் செத்து வாய் திறந்தவை. சிவப்புப் புழுவின் தடம் கூட இல்லை. சுந்தரம் சார் பக்கத்தில்தான் நின்றார். மேடம் எழுந்து குச்சியைப் போட்டுவிட்டு, வழக்கமான குரலில் சொன்னார்:

"புழுவும் இல்ல சார் இதுல."

மூடி போட்டு அடைத்த குழியில் மேலிருந்து காற்று ஏது? ஏற்பாடு உள்ள உயிருக்கே அங்கே வழி இருக்கவில்லை. அன்று மூடி மேல் உட்கார்ந்து நான் தேடிய பதில் இதுதான். சுந்தரம் சாரைக் கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். அவர் தலைக்கு மேலும் ஆட்கள் இருந்தார்கள். அதன்பின் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் கூடுதலாகத்தான் மரியாதை கொடுத்தார், பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

ஆனால் அழகர் பயந்தது நடந்தது. மாதக் கடைசியில் அவன் பெயர் இல்லை. ஒத்தக்கடையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். "காப்பாத்துனீகள்ல? இப்பச் சோறு போடுங்க" என்றான். உள்ளே கூப்பிட்டு முதலில் அதைத்தான் செய்தேன். சாப்பிட்டு முடித்ததும் மேடம் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். மேடம் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"எனக்கு வாசலுக்கு ஒரு ஆள் வேணும் அழகர். இவர் பேச்சக் கேட்டுக் கேட்டு என் காது போயிருச்சு. கயிறு பிடிப்பீங்களா?"

"நான் உள்ளயே போறேன் மேடம். எனக்கு அதான பழக்கம்."

"உள்ள போறதுக்கு யார் வேணும்னாலும் கிடைப்பாங்க. வாசல்ல முழுசாக் கேக்குற ஆள்தான் கிடைக்கல" என்றார்.

அவருடைய ஆராய்ச்சித் திட்டத்தின் கீழ் அழகர் சேர்ந்தான். அந்தத் திட்டம் முடிய அடுத்தது, அதன் பிறகு இன்னொன்று என்று நீண்டு, மேடம் ஓய்வு பெற்றுப் போன பிறகும் அவன் அந்த வாசலில் இருக்கிறான். அவனுடைய பெரிய பெண் இப்போது மேலூரில் நர்ஸ்.

என் கடைசி வேலை நாளில் தொட்டிகளுக்குச் சேறு மாற்ற வேண்டியிருந்தது. புது ஆள் இன்னும் வரவில்லை, நானே இறங்குவதாகச் சொன்னேன். அழகர் கயிற்றை எடுத்துவந்து என் இடுப்பில் கட்ட ஆரம்பித்தான்.

"அதான் பெட்டி இருக்கேண்ணே" என்றாள் நிவேதா.

"பெட்டி கத்தும் பாப்பா. கயித்த இழுக்குமா?" என்றான் அவன். முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். "ம், ஆரம்பிங்க."

ஆரம்பித்தேன். திண்டுக்கல் ரோட்டில் நின்ற லாரியிலிருந்து. அவனுக்கு எல்லாம் மனப்பாடம், இடையிடையே மேலிருந்து திருத்தினான். "அந்த டிரைவருக்கு மீசை கெடையாதுன்னு போன தடவ சொன்னீக." சேற்றை மாற்றி முடித்துக் கடைசித் தொட்டிக்கு வந்தேன். வெள்ளைச் சிப்பிகள் கறுப்புக்கும் பழுப்புக்கும் நடுவில் இருந்தன. கண்ணாடி ஓரமாக இருந்த ஒன்று, நூல் கனத்தில் மேலே ஒரு வழி வைத்திருந்தது, காற்றுக்கு. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன நினைத்தேன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. பேச்சு நின்றுவிட்டது.

இடுப்பில் கயிறு இறுகியது.